மூன்றாவது தட்டல்

புரோகிராம் எழுதுகிறவர்களின் மனம் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்பவர் பேராசிரியை ஹபீபா. அவரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்த தேவசகாயம் அவரைவிடப் பத்து வயது மூத்தவர், ஒரு மென்பொருள் கம்பெனியில் மேலாளர். இரண்டு பேருக்குமே மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அன்று தேவசகாயம் கொதித்துப்போய் வந்தார். அரை மணிக்கு ஒரு தரம் தன் கீழ் வேலை செய்கிற ஒவ்வொருவரிடமும் போய், எவ்வளவு முடிந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்வது அவர் வழக்கம். புரோகிராமில் ஒரு பழுதைக் கண்டுபிடிக்கச் சொன்னால், கயல்மொழி என்ற பெண் மூன்று நாளாக "இன்னும் பார்க்கிறேன்" என்பதைத் தவிர வேறு பேசவில்லையாம். கடைசியில் நாற்பது வரியை அழித்துவிட்டு இரண்டே வரி எழுதினாளாம். வேலையை விட்டு அனுப்பும் பட்டியலில் அவள் பெயர்தான் முதலில் இருந்தது. மாலைக்குள் அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

பழுது சரியாகிவிட்டதா என்று ஹபீபா கேட்டார். சரியாகிவிட்டது, அதற்கென்ன என்றார் தேவசகாயம்.

"இந்த மாதிரி ஆளுங்களை எப்படி மேடம் அளக்குறது?"

ஹபீபாவின் முகம் சிவந்தது. கயல்மொழி அழித்த அந்த நாற்பது வரியையும் தேவசகாயத்தின் லேப்டாப்பிலிருந்து அச்செடுத்து அவர் கையில் திணித்தார். பழுது எங்கே என்று கண்டுபிடியுங்கள் என்று பக்கத்து அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்.

பத்து நிமிடம் கழித்துக் கதவைத் தட்டி, எவ்வளவு முடிந்தது என்று கேட்டார். இன்னும் பார்க்கிறேன் என்றார் தேவசகாயம். அடுத்த பத்தாவது நிமிடமும் அதே தட்டல், அதே கேள்வி. அதே பதில்தான் வந்தது, கொஞ்சம் கடுகடுப்பாக.

மூன்றாவது தட்டலுக்குப் பேனா பறந்துபோய்ச் சுவரில் மோதியது.

"அஞ்சாறு விஷயத்தை ஒண்ணா மண்டைக்குள்ள பிடிச்சு வச்சிருந்தேன். நீங்க தட்டுன தட்டுல எல்லாம் போச்சு. மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"கயல்மொழிகிட்ட ஒரு நாளைக்கு எத்தனை தடவை போய்க் கேட்பீங்க, சார்?"

தேவசகாயத்தின் குரல் இறங்கிவிட்டது. "பதினாறு."

"அப்படியும் மூணே நாள்ல கண்டுபிடிச்சிருக்காங்க."

ஹபீபா தேவசகாயத்தின் பையிலிருந்த பட்டியலை எடுத்து மேஜைமேல் வைத்தார். கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"இதையும் ஒரு தடவை ஒழுங்கா படிங்க. நான் கதவைத் தட்ட மாட்டேன்."