வெள்ளிக் கரண்டியும் மாரக்காவின் தலையும்

ரொம்ப காலத்துக்கு முந்தி, செங்கானம் என்ற சீமையை மகுடவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். புலிக்குப் பயப்படாதவன், சோற்றுக்குப் பயப்படுவான். என்ன செய்ய? அவன் அப்பனையும் விஷம் வைத்துத்தான் கொன்றார்கள், சித்தப்பனையும் அப்படியே.

அதனால் அரண்மனையில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. சமையல்காரி மாரக்கா கொட்டாங்கச்சி அகப்பையால் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து, இலைத் துண்டில் போட்டு, ராஜா கண் முன்னாலேயே சாப்பிட வேண்டும். பிறகு ஒரு நாழிகை காத்திருக்க வேண்டும். அவள் நன்றாக இருந்தால்தான் ராஜா கை நனைப்பான். காத்திருக்கிற நேரத்தில் அவன் ஊர்ச் சேதி கேட்பான். எந்த ஏரி உடைந்தது, எந்த அதிகாரி லஞ்சம் வாங்கினான் என்று அவளும் ஒளிக்காமல் சொல்வாள்.

இதில்தான் அவையில் பெரிய மனிதரான அனந்தராயருக்கு வயிற்றெரிச்சல். "அகப்பை பிடிக்கிறவள் வாயில் என் பேர் அடிபடுவதா?" என்று பொருமிக்கொண்டே இருந்தவர், ஒருநாள் பட்டுத்துணியில் சுற்றி ஒரு வெள்ளிக் கரண்டியைக் கொண்டுவந்தார்.

"மகாராஜா, கடல் கடந்து வந்த புதுச் சரக்கு! விஷம் பட்டால் கறுத்துப்போகும். இனி எதற்குக் காத்துக் கிடந்து ஆறின சோற்றைச் சாப்பிட வேண்டும்? முக்கினோமா, பார்த்தோமா, சுடச்சுடச் சாப்பிட்டோமா என்று இருக்கலாமே!"

ராஜாவுக்கு வாயெல்லாம் பல். அகப்பை அன்றைக்கே அடுப்பில் விறகாகப் போனது. பத்து நாள் ஆவி பறக்கச் சாப்பிட்டான். மாரக்காவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பதினோராம் நாள் கேட்டானே முட்டைக் குழம்பு! மாரக்கா ஆசை ஆசையாகச் செய்துவைத்தாள். ராஜா கரண்டியைக் குழம்பில் போட்டு, கை கால் கழுவிவிட்டு வந்து எடுத்துப் பார்த்தால், ஐயய்யோ, கரண்டி கன்னங்கரேல் என்று இருக்கிறது!

"விஷம்! பிடியுங்கள் அவளை! பொழுது சாய்வதற்குள் யானையைக் கொண்டு தலையை இடறுங்கள்!"

மாரக்கா ஓடிப்போய்க் குழம்புச் சட்டியைப் பிடித்தாள். "சாமி, நான் ஒரு பாவமும் அறியேன்! இப்பவே அள்ளித் தின்று காட்டுகிறேன்!"

"மாற்று மருந்தை முன்னாலேயே விழுங்கியிருப்பாள், மகாராஜா. மனிதர் பொய் சொல்வார்கள், கரண்டி பொய் சொல்லாது" என்றார் ராயர்.

முற்றத்துக்கு இழுத்துப்போனார்கள். யானை நின்றது. அதன் கால் நகங்களைப் பார்த்ததும் அவளுக்குக் கண் இருட்டியது. ஆனாலும் சமையல்காரி மூளை சும்மா இருக்குமா? நேற்றுவரை கறுக்காதது இன்றைக்கு ஏன் கறுத்தது? அதே உப்பு, அதே புளி, அதே தண்ணீர். புதிதாகச் சேர்ந்தது முட்டை ஒன்றுதான். முட்டைதான் கறுக்க வைத்ததோ? யார் கண்டது! ஆயுசில் அவள் வெள்ளியைத் தொட்டதே இல்லை. தப்பாக இருந்தால் தலை போகும். சும்மா இருந்தாலும் போகத்தான் போகிறது.

"மகாராஜா! சாகிறவள் கேட்கிறேன். என் கையைப் பின்னால் கட்டிவிடுங்கள். கோழிக்கூண்டிலிருந்து நீங்களே ஒரு முட்டை எடுங்கள். ராயர் கையாலேயே வேகவைத்து உரிக்கட்டும். அதில் கரண்டியை வையுங்கள். கறுக்காவிட்டால் நானே யானை முன்னால் படுத்துக்கொள்கிறேன்."

ராஜா யோசித்தான். "ஆகட்டும்" என்றான்.

கையைக் கட்டினார்கள். வெந்த முட்டையைப் பிளந்து ராயர் கரண்டியைச் சாம்பல் போட்டுக் கறுப்புப் போகத் தேய்த்துச் செருகினார். கரண்டி வெள்ளை வெளேர் என்று இருந்தது. ராயர் மீசையைத் தடவினார். யானை ஒரு காலைத் தூக்கி வைத்தது. மாரக்கா குலதெய்வத்தைக் கூப்பிட்டாள், பேர்கூடச் சரியாக வாயில் வரவில்லை. கொஞ்ச நேரம் போனது. கரண்டி ஓரத்தில் மஞ்சள் ஏறியது. மஞ்சள் பழுப்பாகி, பழுப்பு கறுப்பானது!

அவையே எழுந்து எட்டிப் பார்த்தது.

"மகாராஜா, நான் இதைத் தொடவில்லை. எடுத்தது நீங்கள், வேகவைத்தது ராயர். அப்படியானால் விஷம் வைத்தது யார்? ஒன்று ராயரைப் பிடியுங்கள், இல்லாவிட்டால் கோழியைப் பிடியுங்கள்!"

ராஜா திரும்பினான். "ராயரே, இதைச் சாப்பிடும்."

"மகாராஜா, நான்... கரண்டி கறுத்திருக்கிறதே!"

"நீர் வேகவைத்த முட்டைதானே?"

ராயர் தொப்பென்று காலில் விழுந்தார். தன் கரண்டியை அவர் அவ்வளவு நம்பினார், பாவம். ராஜாவின் கை வாளுக்குப் போனது. "அப்படியானால் விஷம் வைத்தவன் நீதான்!"

"ஐயோ, அவரும் வைக்கவில்லை!" என்று கத்திக்கொண்டே மாரக்கா குனிந்து, கட்டிய கையோடு, தட்டிலிருந்த பாதி முட்டையை வாயாலேயே கவ்வி விழுங்கினாள். விழுங்கிய பிறகுதான் அவளுக்குப் பகீர் என்றது. ராயர் நிஜமாகவே எதையாவது கலந்திருந்தால்?

ஒரு நாழிகை. அவள் நெற்றியில் வியர்வை வழிந்தது, துடைக்கக் கை இல்லை. நாழிகை மணி அடித்தது. மாரக்கா நின்றுகொண்டுதான் இருந்தாள்.

ராஜா வாளை உறையில் போட்டான். "ராயரே, இனி மூன்று வேளையும் மாரக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு முன்னால் முதல் கவளம் சாப்பிடும். புது அகப்பையும் நீரே செதுக்கிக் கொண்டுவாரும்!" அவை சிரித்த சிரிப்பில் ராயர் தலை நிமிரவில்லை. மாரக்காவுக்கு இரண்டு கை நிறையப் பொன் கொடுக்கச் சொன்னான்.

பிறகு அவனே வந்து அவள் கைக்கட்டை அவிழ்த்தான். தட்டில் மீதிப் பாதி முட்டை கிடந்தது. அதை எடுத்தான்.

"எச்சில் பட்ட தட்டு, மகாராஜா!" என்றாள் மாரக்கா.

"இருக்கட்டும். மாரக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது."

"எனக்கும்தான், மகாராஜா. சாப்பிடுங்கள்."

ராஜா கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டான்.