மடியில் வைத்த பிளக்

நாச்சிமுத்துக்கு வயது ஐம்பத்தாறு. அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த தமயந்திக்கு முப்பத்து நான்கு.

இருபத்தாறு வருஷம் கோவையில் டவுன் பஸ் ஓட்டியவர் நாச்சிமுத்து. இடுப்பு ஒத்துழைக்காமல் ஸ்டியரிங்கை விட்டு இறங்கினார். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, கரண்ட் அடுப்பு பழுது பார்க்கும் தமயந்தியிடம் போய் நின்றார். முதல் நாள் அவளை 'அம்மணி' என்று கூப்பிட்டார். ஒரே வாரத்தில் அது 'டீச்சர்' ஆகிவிட்டது. அவள் அவரை அண்ணா என்பாள்.

எட்டு மாதமாகப் பையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் வீடு வீடாகப் போகிறார். போகிற இடமெல்லாம், "கூட வந்திருக்கறது அப்பாங்களா?" என்று கேட்கிறார்கள். மனிதருக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஒரு வீட்டுக்காவது தனியாகப் போய், தன் கையால் ஓர் அடுப்பைச் சரிசெய்துவிட்டு வர வேண்டும்.

அன்று காலை ஹவுசிங் போர்டு குடியிருப்பின் படியேறும்போது கேட்டேவிட்டார்.

"டீச்சர், என்னை எப்பத் தனியா அனுப்புவீங்க? நீங்க ரெண்டு விசில் குடுங்க, நான் வண்டிய எடுத்தர்றேன்."

"இன்னிக்குப் பார்ப்போங்ணா. இந்த வீடு உங்களுது. நான் சும்மா நிக்கறேன்."

அவள் அழைப்பு மணியை அழுத்தினாள். அந்த ஆள்காட்டி விரல் நுனியில் கொஞ்சம் கோணியிருக்கும். எப்படி என்று கேட்டால், "அது கெடக்குதுங்ணா" என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

கதவைத் திறந்த சுகந்தியின் முகம் வெளிறிப்போயிருந்தது. "சீக்கிரம் பாருங்க. மாமாவுக்குச் சக்கரை. இன்சுலின் போட்டு இருவது நிமிசம் ஆச்சு. உப்புமா பாதியில நிக்குது, அடுப்பு ஈ-மூணுன்னு காட்டிட்டு அணைஞ்சுபோச்சு. சிலிண்டரும் தீந்துபோச்சு."

கூடத்தில் பெரியவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது.

நாச்சிமுத்துக்குக் கை பரபரத்தது. சுவரில் சுவிட்சைத் தட்டி அணைத்தார். அடுப்பைத் தூக்கினார். அதன் அடியில் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. பிய்த்து மூலையில் எறிந்தார். அடுப்பைத் தரையில் கவிழ்த்து ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.

"ஈ-மூணுன்னா சென்சாருங்க டீச்சர். பத்து நிமிசத்துல மாத்தீர்லாம்."

"அண்ணா, இந்த வீட்ல இப்ப எது பழுது?"

"அடுப்புதானுங்க."

தமயந்தி கூடத்துப் பக்கம் பார்த்தாள். அவரும் பார்த்தார். ஸ்குரூ டிரைவர் தானாகத் தரைக்கு இறங்கியது.

"சாப்பிடாம ஒடம்புல சக்கரை எறங்கிருச்சு போல. கொஞ்சம் சக்கரை கரைச்சு மாமாவுக்குக் குடுங்க," என்றாள் சுகந்தியிடம். "பக்கத்து வீட்ல டிபன் இருக்காதா?"

சுகந்தி தலையைக் குனிந்தாள். "அவங்களும் நாங்களும் பேசறதில்லைங்க. துணி காயப் போடற கொடியில சண்டை. ரெண்டு வருசம் ஆச்சு."

"கொடியில சண்டை போட்டது நீங்கதானே. அண்ணன் போடலையே."

நாச்சிமுத்து தட்டோடு போய்ப் பக்கத்துக் கதவைத் தட்டினார். திரும்பி வரும்போது தட்டில் நான்கு இட்லி இருந்தன; தட்டைப் பிடுங்காத குறையாகப் பின்னாலேயே பக்கத்து வீட்டு ராஜாத்தி வந்தாள்.

"ஏம்மா சுகந்தி, பெரியவருக்குன்னா ஒரு குரல் குடுக்க மாட்டியா? கொடியா முக்கியம்?" என்று திட்டிக்கொண்டே இட்லியைப் பிட்டு அவர் கையில் கொடுத்தாள். தண்ணீர் எடுக்கப் போன சுகந்தி அடுக்களைச் சுவரோரம் நின்று அழுதாள். இரண்டு வருஷத்து அழுகை அது.

மூன்றாவது இட்லியில் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "சட்னி இல்லையா?" என்றார். வீட்டுக்கே மூச்சு வந்தது.

"இப்ப உக்காருங்ணா," என்றாள் தமயந்தி.

அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவள் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். ஒயரோடு கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

"சுவிட்ச அணைச்சுட்டேனுங்களே."

"பார்த்தேங்ணா."

"அப்பறம் இது எதுக்கு? கொழந்தையாட்டம் மடியில?"

எட்டு மாதமாக அவள் பிளக்கைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்துத்தான் இருக்கிறார். பெண்பிள்ளைகளின் பழக்கம் ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தார். அவர் ஸ்குரூவில் கை வைத்ததும், "சித்த நேரம்," என்றாள்.

"பிளக்கும் புடுங்கியாச்சுங்களே!"

"உள்ளுக்குள்ள கொஞ்சம் கரண்டு தங்கியிருக்கும். அது வடியட்டும். அவசரம்தான் போயிருச்சே, இட்லியோட."

சுவர்க்கடிகாரத்தில் பத்து நிமிடம் போயிற்று. தன் வாழ்நாளில் எந்த சிக்னலிலும் அவ்வளவு நேரம் நின்றதில்லை என்று நாச்சிமுத்து நினைத்துக்கொண்டார்.

பிறகு திறந்தார். அவள் தன் கைப்பையிலிருந்து கரண்ட் அளக்கும் மீட்டரை எடுத்துக் கொடுத்தாள். அதை மட்டும் அவள் அவரிடம் தூக்கக் கொடுத்ததில்லை. அதன் முள் இரண்டையும் அவள் காட்டிய இடத்தில் வைத்தார். பூஜ்யம் காட்டியது; உள்ளே கரண்ட் மிச்சமில்லை. சென்சார் ஒயரை அளந்தார். அதில் ஒரு பழுதும் இல்லை. அடுப்புக்குள் இருந்த சின்ன விசிறியைப் பார்த்தார். முடியும் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் அப்பியிருந்தன. இரண்டு விரலை உள்ளே விட்டு அதை வழிக்க ஆரம்பித்தார்.

"அய்யோ, வேத்து ஊத்துதே இவருக்கு," என்று ராஜாத்தி எழுந்து வந்தாள். நல்ல மனசு. அடுக்களை வெக்கையை வெளியே தள்ளும் விசிறியைப் போட, சுவரில் பார்க்காமலே கையை வைத்து ஒரு சுவிட்சைத் தட்டினாள்.

சுவர் விசிறி ஓடவில்லை. அடுப்பின் பிளக் இருந்த இடத்துக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

"அட, எங்க வீட்ல இந்தச் சுவிட்சுதானுங்க விசிறிக்கு. உங்க வீட்ல இடம் மாறி இருக்குதா?"

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். போர்டில் எல்லாம் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம். ராஜாத்தி சிரித்துக்கொண்டே அடுத்த சுவிட்சைப் போட்டாள்.

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. விரல் இரண்டும் அடுப்புக்குள்ளேயே இருந்தன. சிவப்பு விளக்கைப் பார்த்தார். பிறகு தன் மடியைப் பார்த்தார். பிளக் அங்கேயே கிடந்தது. விரலை மெதுவாக வெளியே எடுத்தார்.

தமயந்தி எழுந்து போய் அந்தச் சுவிட்சை அணைத்தாள். வரும் வழியில் மூலையில் கிடந்த பிளாஸ்டிக் விரிப்பை எடுத்து வந்து அவர் எதிரே விரித்தாள். அதன் நடுவே விசிறித் துளையின் அளவுக்கு வட்டமாக ஒரு தடம் உருகி விழுந்திருந்தது. அடுப்பு மூச்சு விடும் துளையை விரிப்பு அடைத்திருக்கிறது. உள்ளே சூடேறி, அது தானே அணைந்திருக்கிறது.

"மேடை அழுக்காகக் கூடாதுன்னு நான்தாங்க விரிச்சேன்," என்றாள் சுகந்தி.

"இத நான்தானுங்க பிச்சு எறிஞ்சேன். பழுதையே தூக்கி எறிஞ்சிருக்கேன்," என்றார் நாச்சிமுத்து.

சுத்தம் செய்து, மூடி, திருப்பி, வெறும் மேடையில் வைத்தார். எல்லாரையும் ஓர் அடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பிளக்கைத் தானே சொருகினார். அடுப்பு முனகிக்கொண்டு ஓடியது. பாதி உப்புமாவை ராஜாத்தி வந்து கிளறினாள்.

கிளம்பும்போது பெரியவர் கேட்டார்: "ஏம்மா, இவரு உங்க அப்பாங்களா?"

நாச்சிமுத்துக்கு இந்த முறை அது காதில் விழவே இல்லை.

கீழே வண்டியருகே தமயந்தி நின்றாள்.

"காலைல ஒண்ணு கேட்டீங்க. இப்பக் கேக்கலையே?"

"வேண்டாங்க டீச்சர்."

அவள் கைப்பையைத் திறந்து மீட்டரை எடுத்து நீட்டினாள். "திங்கக்கிழமை சூலூர்ல ஒரு வீடு. நீங்க போயிட்டு வாங்க."

அவர் வாங்கவில்லை. "இன்னிக்கு மடியில நீங்க வெச்சீங்க. நான் பொழச்சேன். தனியாப் போனா எனக்கு விசில் குடுக்க யாரு இருக்காங்க?"

தமயந்தி மீட்டரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை அவர் முன் விரித்தாள். கோணல் விரலின் நுனியில் கரண்ட் சுட்ட பழைய தழும்பு ஒன்று வெயிலில் தெரிந்தது.

"பிளக்கச் செவுத்துலயே விட்டுட்டு வேலை பார்த்த அன்னிக்கு எனக்கும் சொல்ல யாரும் இல்லைங்ணா. அதான் எட்டு மாசம் உங்ககூட வந்தேன்."