அந்திமந்தாரையில் வெள்ளைக் கோடு விழுந்த கதை

பூவும் பூச்சியும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அந்திமந்தாரைக்கு ஒரே நிறம்தான். எந்தச் செடியில் எந்தப் பூ விரிந்தாலும் சிவப்பு.

செடிக்குள்ளே, முறுக்கிவிட்ட நூலேணி போல நீண்டதொரு வீடு இருந்தது. படிக்கு ஓர் ஆள். ஒருத்தி இலை மடிப்பாள், ஒருவன் வேர் இறக்குவான். அவரவர் படியில் அவரவர் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும். விதை கட்டும்போது அந்த ஏணி ஆட்களோடு விதைக்குள் இறங்கிக்கொள்ளும். வம்சம் அப்படித்தான் தொடர்ந்தது.

நிறம் காய்ச்சுகிறவள் பெயர் செம்பாயி. அவள் மிகவும் அலுத்துப் போயிருந்தாள்.

அந்த வருடம் மழை விடவே இல்லை. மேகம் மூடி, அந்தி வருமுன்பே இருட்டிவிடும். மகரந்தம் சுமக்கும் கிழட்டு அந்துப்பூச்சி செடியைக் கவனிக்காமலே தாண்டிப் போனது. பூச்சி வராவிட்டால் விதை இல்லை. விதை இல்லாமல் செடி பட்டுப்போனால், ஏணியும் ஆட்களும் மண்ணோடு மண்.

ஏணி ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரிக்குத் தெரிந்தது ஒரே வழி.

"நிறம் பத்தலை. இன்னும் அடர்த்தியாக் காய்ச்சு."

செம்பாயி காய்ச்சினாள். பூச்சி வரவில்லை.

"இன்னும் அடர்த்தியா!"

பூக்கள் கறுக்கிற அளவுக்குச் சிவந்தன. அப்போதும் வரவில்லை.

"மேஸ்திரி, கொஞ்சம் கண்ணை மூடிக்கட்டுமா?"

"எல்லாரும் செத்தப்புறம் நிதானமா மூடிக்கலாம்" என்றார் அவர்.

அந்த ஏணியில் சொந்தப் படி இல்லாத ஒருத்தியும் இருந்தாள். எங்கிருந்து வந்தாளோ, யாருக்கும் தெரியாது. ஒண்டி என்று கூப்பிட்டார்கள். கிடைத்த இடுக்கில் உட்காருவாள், விரட்டினால் தாவி வேறு படிக்குப் போவாள். ஒருமுறை இலை மடிப்பவளின் படியில் உட்கார்ந்துவிட, ஓர் இலை சுருண்டே போயிற்று. அன்றிலிருந்து அவளைக் கண்டாலே எல்லோருக்கும் எரிச்சல்.

மொட்டுகள் அவிழும் நேரத்தில் ஒண்டி செம்பாயியிடம் வந்து நின்றாள்.

"அக்கா, கால் வலிக்குது. ஓரமா உக்காந்துக்கட்டுமா?"

"உனக்கு என்ன வேலைடி தெரியும்?"

"உக்காரத் தெரியும். எழுந்து போகத் தெரியும்."

செம்பாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எத்தனை நாளாயிற்று! சிரித்ததும், இறுக்கிப் பிடித்திருந்த உடம்பு தளர்ந்தது. படியை விட்டால் நிறம் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் நகர்ந்து இடம் கொடுத்தாள். ஒண்டியின் தோளில் தலை சாய்த்த மறுகணம் தூங்கிப் போனாள்.

விரிந்துகொண்டிருந்த இதழ்களில் சிவப்பு ஏறுவது நின்றது.

"பாதிப் பூ வெள்ளை! குடியைக் கெடுத்தியேடி!"

மேஸ்திரியின் குரலில் ஒண்டி பதறித் தாவினாள். செம்பாயி விழித்து, தன் படியின் நடுவுக்கு நகர்ந்து, மறுபடியும் காய்ச்சினாள். மிச்ச இதழ் சிவந்தது. வெளுத்தது வெள்ளைக் கோடாக அப்படியே நின்றது.

"இவளை ஏணியை விட்டே தள்ளுங்க. இடம் கொடுத்தவளையும் சேர்த்துத் தள்ளுங்க!"

"தள்ளுங்க" என்றாள் செம்பாயி. "கீழே போயாவது தூங்குறேன்."

மற்றப் படிக்காரர்கள் அவள் கையைப் பிடித்தபோது வெளியே இறகுச் சத்தம் கேட்டது.

"யாரம்மா இங்கே விளக்கு வெச்சது?" கிழட்டு அந்துப்பூச்சி அந்த வெள்ளைக் கோட்டின் மேல் வந்து இறங்கியது. "தினமும் இந்த வழியாத்தான் போறேன். இருட்டுக்குள்ள இருட்டா நின்னா என் கண்ணுக்கு எப்படித் தெரியும்?"

தேன் குடித்தது. மகரந்தத்தை உதறியது. பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின.

மேஸ்திரி, ஒண்டியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இவளுக்கு ஒரு போர்வை கொடுத்து மூலையில படுக்க வைங்க. சும்மா சும்மா எழுப்பாதீங்க. கண்ட படியில உக்காந்தா கெட்டுது காரியம். ஆனா வெளியே அனுப்பிடாதீங்க."

விதை கட்டியபோது ஏணியோடு ஒண்டியும் உள்ளே இறங்கினாள். எப்போதாவது விழித்துக்கொண்டால் செம்பாயியின் படிக்குத்தான் போய் உட்காருவாள்.

அந்த அந்தியிலிருந்துதான், ஒரே செடியில் ஒரு பூ சிவப்பாகவும் ஒரு பூ வெள்ளையாகவும் இன்னொன்று கோடும் புள்ளியுமாகவும் பூக்கிறது அந்திமந்தாரை. சிவந்த இடமெல்லாம் செம்பாயி விழித்திருந்த இடம். வெளுத்த இடத்தில், பாவம், கொஞ்ச நேரம் தூங்கியிருக்கிறாள்.