நாணற்கரையில் ஏழாவது கூடு

அன்று குளக்கரையில் இருந்தவர்கள் நால்வர். கருவேலமரத்தில் கூடு கட்டிய தூக்கணாங்குருவி பொன்முடி. அந்தக் கூட்டைப் பார்க்க வந்த பெண்குருவி தினையாள். அதே மரத்தின் கவட்டையில் குடியிருந்த அணில் கீற்றன். கீழே வெறுந்தரையில் அடைகாத்துக்கொண்டிருந்த கானாங்கோழி வெள்ளாயி. வேறு எவரும் இல்லை. ஆயினும், தன் தலைகுனிவைப் பார்த்தவர்கள் மூவர் என்பதே பொன்முடிக்கு அதிகமாகத் தோன்றியது.

தூக்கணாங்குருவிகளிடையே ஒரு வழக்கம் உண்டு. ஆண்குருவி தொப்பி போலப் பாதிக் கூடு கட்டி நிறுத்தும். பெண்குருவி வந்து பார்க்கும். அவளுக்குப் பிடித்தால் மீதியைக் கட்டி முடித்துக் குடும்பம் நடத்துவார்கள். பிடிக்காவிட்டால் ஆண்குருவி அதை அப்படியே தொங்கவிட்டு, வேறு கூடு தொடங்கும். பொன்முடியின் குலத்தார் இதில் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தார்கள். மறுக்கப்பட்ட கூட்டிலிருந்து ஒரு நாரைக்கூட உருவி எடுக்கமாட்டார்கள். அது கௌரவக் குறைவாம்.

அந்தப் பருவத்தில் பொன்முடியின் கூடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மறுக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் அவன் கரையில் இருந்த நாணல்மீதே பாய்ந்தான். இளந்தோகையாகப் பார்த்துக் கிழித்தான். சற்று முற்றியிருந்தால் கீழே போட்டுவிட்டு அடுத்ததைக் கிழித்தான்.

வெள்ளாயி ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "தம்பி, இந்த ஓரத்தை மட்டும் விட்டுவையேன். நாணல் மறைவில்தான் முட்டையிட்டிருக்கிறேன்."

"புல்தானே அக்கா, தானே வளரும்," என்றான் பொன்முடி.

"மழை பாதியில் நின்றுவிட்டதே. எதைக் குடித்து வளரும்?"

அவன் அதற்குள் மரத்துக்குப் பறந்துவிட்டான். வாயில் நார் இருந்தது.

கீற்றனுக்கு வாய் சும்மா இராது. "மாப்பிள்ளை, இது மரமா, தொப்பிக் கடையா? ஆறு தொங்குகிறது. எந்தத் தலைக்கு எது என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது," என்றான். பிறகு சற்றே இறங்கி வந்து, "விளையாட்டு இருக்கட்டும். பழைய கூட்டை அவிழ்த்துக் குளத்தில் நனைத்தால் நார் இளகிவிடுமே. அதைக் கொண்டு கட்டக் கூடாதா?" என்று கேட்டான்.

"பழைய நாரில் கட்டிய வீட்டுக்கு எவள் வருவாள்? ஊர் சிரிக்காதா?"

"ஊர் இப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறது."

பொன்முடி அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏழாவது கூட்டைத் தொடங்கினான். அதற்காகக் கரையில் மிஞ்சியிருந்த கடைசித் தூரையும் உரித்தான். பருவம் முடியும் தறுவாயில் இருந்தது. இந்தக் கூடும் மறுக்கப்பட்டால் அவ்வாண்டு அவனுக்குக் குடும்பம் இல்லை.

தினையாள் வந்தாள். கூட்டுக்குள் புகுந்து நாரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. பொன்முடி சிறகை விரித்தபடி வெளியே தொங்கினான்.

"கட்டு உறுதியாக இருக்கிறது," என்றாள் தினையாள். "இவ்வளவு நேர்த்தியை நான் வேறெங்கும் பார்க்கவில்லை."

பொன்முடியின் மனம் அந்தக் கணமே குஞ்சுகளுக்குப் பெயர் வைக்கத் தொடங்கிவிட்டது.

அவள் தலையை வெளியே நீட்டினாள். "அந்த ஆறு கூடுகள் யாருடையவை?"

ஆறு பெண்கள் மறுத்தவன் என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை. "முன்பு இங்கிருந்த குருவிகள் கட்டிப் போட்டுவிட்டுப் போனவை. பொறுப்பில்லாதவர்கள்," என்றான்.

கவட்டையில் கீற்றன் இருமினான்.

தினையாள் பக்கத்துக் கூட்டுக்குத் தாவினாள். அதன் முடிச்சை அலகால் புரட்டினாள். அடுத்ததையும் புரட்டினாள். பிறகு திரும்பி வந்து, தான் அமர்ந்திருந்த கூட்டின் முடிச்சைப் பார்த்தாள். இடப்பக்கம் இரண்டு சுற்று, வலப்பக்கம் ஒன்று. ஏழும் ஒரே அலகு போட்டவை.

பொன்முடி கிளையைப் பார்த்தான்.

"குஞ்சு பொரித்தால் வெட்டுக்கிளி எங்கே பிடிப்போம்? புல்லரிசி எங்கே பொறுக்குவோம்?" அவள் குரலில் கோபம் இல்லை.

"கரையில்..." என்று தொடங்கியவன் கீழே நோக்கினான். அங்கே கரை இல்லை. வெடித்த சேறுதான் இருந்தது. அவனுடைய உணவும், அவன் குஞ்சுகளின் உணவும் மரத்தில் தொப்பிகளாகக் காய்ந்து தொங்கின. அந்தச் சேற்றின் நடுவே, எந்த மறைவும் இல்லாமல், வெள்ளாயி ஒரே ஒரு முட்டையின்மேல் அமர்ந்திருந்தாள். மற்றவற்றைக் காக்கை கண்டுவிட்டது. அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். ஒரு சொல் திட்டியிருந்தால் அவன் எதிர்த்துப் பேசியிருப்பான். அவளோ மீண்டும் தலையைத் தாழ்த்திக்கொண்டு, முட்டையைச் சிறகால் மூடினாள்.

அந்தப் பார்வை பட்ட இடத்தில் அவனுக்குத் தன் மஞ்சள் முடியே பாரமாயிற்று.

"அவிழ்த்துவிடுகிறேன்," என்றான் பொன்முடி, யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே. "ஆறையும் அவிழ்க்கிறேன். அந்த நாரைப் பரப்பி அக்காவுக்கு மறைவு செய்கிறேன். இனிப் பச்சைத் தோகையைத் தொடமாட்டேன். நீ மட்டும்..."

தினையாள் கூட்டை இன்னொரு முறை பார்த்தாள், கரையையும் பார்த்தாள். பின்பு பசுமை தெரிந்த திசையை நோக்கிப் பறந்து போனாள்.

தன் வீட்டை அழகாக்குவதற்காகச் சுற்றியுள்ள நிலத்தை உரிப்பவன், வாழ்வதற்கு இடமில்லாத வீட்டையே கட்டி முடிக்கிறான்.