அட்டைக்குச் சுகர் வந்த கதை

நாலு நாள் மலைநடை. வேனில் ஒரே ஒரு இடம்தான் பாக்கி. அதை நண்பன் ஜெபராஜ் தன் மச்சினனுக்குத் துண்டு போட்டு வைத்திருந்தான். எனக்கோ இந்தத் தடவையாவது போயே ஆகணும். வருசா வருசம் இவன்கள் போய்வந்து காட்டுகிற போட்டோவுக்கு லைக் போட்டே என் கட்டைவிரல் தேய்ந்துவிட்டது.

திட்டம் போட எங்கள் ஃபிளாட்ஸுக்கே வரச் சொன்னேன். "வீட்டுல காத்தே வராது வே, கீழயே பேசுவோம்" என்று பைக் நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டேன்.

"உமக்கு மலை ஏறிப் பழக்கம் உண்டா?" என்று ரசூல் கேட்டான். அவன்தான் குழுவுக்குத் தலைவன்.

"என்ன வே இப்படிக் கேட்டுட்டீரு? குத்தால மலை அடிவாரத்துல நான் ஒரு தடவை மூச்சு வாங்குனேன் பாரும், இழுத்த இழுப்புல கேரளாவுல நின்ன மேகம் பூரா இந்தப் பக்கம் வந்துட்டு! அந்த வருசம் சீசன் சீக்கிரமே ஆரம்பிச்சது யாராலன்னு நெனைக்கீரு?"

"எவ்வளவு உயரம் ஏறுனீரு?"

"எங்க ஏறுனேன்? கார்ல இருந்து இறங்குனதுக்கே அந்த மூச்சு."

ஜெபராஜ் தலையில் அடித்துக்கொண்டான். "மேல அட்டை கடிக்கும் வே. தாங்குவீரா?"

"கடிச்சிருக்கே! கெண்டைக்கால்ல ஒரு அட்டை. வயிறு முட்டக் குடிச்சுட்டுக் கீழ விழுந்துச்சு. என் ரத்தம் என்ன சாதாரண ரத்தமா? அதுக்கும் சுகர் வந்துட்டு. இன்னைக்கும் காலையில வெறும் வயித்துல வாக்கிங் போகுதாம். மத்த அட்டைக்கெல்லாம் என் போட்டோவைக் காட்டி, இந்த ஆளைத் தொட்டுராதீங்கன்னு சொல்லுதாம்."

"யானை வந்தா?"

"அதுவும் வந்துச்சு, ஒத்தைக் கொம்பன். நான் ஓடல. வீரம்னு நெனைச்சிராதீரும், கால் வரல. அது கிட்ட வந்து என் தொப்பையைப் பாத்துச்சு. பாறைன்னு நெனைச்சு முதுகைச் சொறிஞ்சுட்டுப் போச்சு. மறுநாள் குடும்பத்தையே கூட்டிட்டு வந்துருச்சு!"

"பிறகு எப்படித்தான் கீழ வந்தீரு?"

"உருண்டுதான். ஒரு பாறையைப் பிடிப்பேன், அது வழுக்கி விடும், அந்தப் பக்கம் திரும்பி உருளுவேன். பின்னால வந்த இஞ்சினியர்மாரு அந்தத் தடத்துலயே ரோடு போட்டுட்டாங்க. கொண்டை ஊசி வளைவுங்கீங்களே, அதெல்லாம் நான் பாறையைப் பிடிச்ச இடம் வே!"

ரசூல் சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மச்சினன் அடுத்த வருசம் வரட்டும்டே. இந்த ஆளு வந்தா வழி நெடுகப் பொழுது போகும்" என்றான். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அப்போதே மனசுக்குள் பையைக் கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து என் மூக்குக்கு நேரே கயிற்றில் ஒரு கூடை இறங்கியது.

"என்னங்க, காலையில வாங்குன மாவு பாக்கெட்டை வைங்க" என்று இரண்டாவது மாடி பால்கனியிலிருந்து என் மனைவி செண்பகத்தின் குரல்.

"ஏன் வே, நீரே கொண்டுபோய்க் குடுத்தா என்ன?" என்றான் ஜெபராஜ்.

நான் வாயைத் திறப்பதற்குள் மேலேயிருந்து பதில் வந்துவிட்டது. "லிஃப்ட் கெட்டுப்போச்சு அண்ணே. படி ஏறணும்னு காலையில இருந்து கீழயேதான் உக்காந்திருக்காரு. மத்தியானச் சோத்தையே கூடையிலதான் இறக்குனேன்."

நான் மாவு பாக்கெட்டை ஊன்றிப் படிப்பதுபோலக் குனிந்துகொண்டேன். ரசூல் எழுந்தான், கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான், பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"தங்கச்சி, இந்தக் கயிறு எவ்வளவு வெயிட் தாங்கும்?"

"மாவு தாங்கும் அண்ணே. மலை தாங்காது."

ஜெபராஜ் மச்சினனுக்கு போன் போட்டான்.