கண்ணாடியைக் கழற்றிய மேதை

இணைய நண்பர்களின் ஞாயிற்றுக்கிழமைப் பொது அறிவுப் போட்டியில் பேராசிரியர் சடகோபனைத் தோற்கடிக்க உலகத்திலேயே ஆள் இல்லை. அவரே அப்படித்தான் சொன்னார். ஒருநாள் வீடியோ அழைப்பில் நடந்த போட்டியில், தையல் வேலை செய்யும் அங்கயற்கண்ணியைப் பார்த்து, "எனக்குத் தெரியாத கேள்வி ஒன்று கேளம்மா. முடியாவிட்டால் குழுவை விட்டுக் கிளம்பு" என்றார்.

"கேக்கறேன் சார். உங்க மூக்குக்கண்ணாடி பளபளன்னு மின்னுது, முகமே தெரியல. கொஞ்சம் கழட்டுங்களேன்."

மேதை பெருமையோடு கழற்றினார்.

"மனுஷ உடம்புல எலும்பு எத்தனை?"

சடகோபன் திரையை நெருங்கினார். இன்னும் நெருங்கினார். எல்லோர் வீட்டிலும் அவர் நெற்றி மட்டுமே தெரிந்தது; விசைப்பலகை டக்டக்கென்றது.

"இரும்மா, ஞாபகப்படுத்திக்கறேன்" என்றது நெற்றி.

"அவசரமில்ல சார், எழுத்துப்பிழை இல்லாம ஞாபகப்படுத்துங்க" என்றாள் அங்கயற்கண்ணி.

நெட் சரியில்லை என்று சொல்லிவிட்டுக் குழுவை விட்டுக் கிளம்பியவர் பேராசிரியர்தான்.