ஐந்தரைக் கட்டைத் தந்தி

“பத்து வயசுலேர்ந்து பனங்கல்கண்டும் மிளகும் போட்டு வளத்த குரல் டீச்சர் இது. அதைப் போயி ஒரு ஊசியில கொல்லப் போறா. நீங்களும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க.”

வசுமதி இதைச் சொல்வது மூன்றாவது முறை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒன்று, பாயில் உட்காரும்போது ஒன்று, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு இப்போது ஒன்று. ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை.

அபரஞ்சி டீச்சர் வாயைத் திறக்கவில்லை. உறையூரில் அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. திறந்தால் பாட்டு, மூடினால் பூட்டு.

கபிலன் அம்மாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். “கொல்லப் போறா.” மற்றதெல்லாம் அவனுக்குப் பழகிவிட்டது. அந்த ‘றா’ மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் குத்தியது.

வசுமதிக்கு அவன் மகளாகப் பிறந்தவன். தான் மகன் என்பது அவனுக்குப் பாவாடை கட்டிய காலத்திலேயே தெரியும். ஊருக்குச் சொல்லவும் கபிலன் என்று பெயர் வைத்துக்கொள்ளவும் முப்பது வயது ஆகிவிட்டது. முன்பு வைத்த பெயர் ஒன்று உண்டு. அவனுக்கே வேண்டாத பெயர் நமக்கு எதற்கு?

வரும் திங்கட்கிழமை அவனுக்கு முதல் ஹார்மோன் ஊசி. அதற்கு முன் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்திருந்தான். மனநல மருத்துவரிடம் உட்கார்ந்து பேசினான். கையை மாற்றி மாற்றிப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தான். பின்னாளில் பிள்ளை வேண்டுமென்று தோன்றினால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். அதையும் யோசித்துப் பதில் சொன்னான். ஹார்மோன் டாக்டர் உள்ளதை உள்ளபடி சொல்கிற மனுஷி. மீசை வரும், மாதவிடாய் நிற்கும், குரல் உடையும். நடுவில் நிறுத்தினால் சில திரும்பும், குரல் திரும்பாது. பேச்சுக்குப் பயமில்லை, பாட்டுக்கு நான் பொறுப்பேற்க மாட்டேன், நீங்கள் பாடுகிறவராமே, நன்றாக யோசித்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

எல்லாப் பரீட்சையிலும் தேறியவன் இந்த ஒரு கேள்வியில் நின்றுபோனான். அதைக் கேட்கத்தான் டீச்சரிடம் வந்தான். அம்மா தானும் வருவேன் என்று கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் வழி முழுக்கச் சண்டை. திங்கட்கிழமைக்குள் தெரிந்த பாட்டையெல்லாம் போனில் பாடிப் பதிந்து கொடு என்றாள் அவள். யாருக்கு என்று கேட்டான் இவன். எனக்கு என்று சொல்ல வசுமதிக்கு வாய் வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது அவன் கேட்டான்.

“டீச்சர், ஊசி போட்டதுக்கப்புறம் நான் பாடுவேனா?”

டீச்சர் மூலையைக் காட்டினார். “தம்புராவை எடு.”

வருஷக்கணக்காக அவன் மீட்டிப் பாடிய தம்புரா அது. ஐந்தரைக் கட்டை. பெண்குரலுக்கான உயர்ந்த சுருதி, அவன் குரல் அதில் நின்றால் தெருவில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்துவார்கள். உறையைக் கழற்றி மடியில் சாய்த்தான்.

“ஒரு கட்டைக்கு இறக்கு.”

ஒரு கட்டை ஆண்கள் பாடுகிற தாழ்ந்த சுருதி. கபிலன் முறுக்காணியைத் திருகினான். இன்னும் திருகினான். தந்தி இறங்கியது, இறங்கி இறங்கித் தொங்கியது. மீட்டினால் மரத்தில் உரசி ஈக் கூட்டம் போல இரைந்தது.

வசுமதியால் பொறுக்க முடியவில்லை. “எங்க வீட்டுத் துணிக்கொடி இதைவிட விறைப்பா இருக்கும்.”

கபிலனின் முகம் வாடிவிட்டது. இதுதான் பதில் என்று நினைத்தான்.

“வராதா டீச்சர்?”

“இந்தத் தந்தியில வராது.”

டீச்சர் எழுந்து உள்ளே போனார். எண்ணெய்த்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றோடு வந்தார். பிரித்தால் நான்கு சுருள். கனத்த தந்திகள், ஒரு கட்டைக்கென்றே உள்ளவை. தாளின் மடிப்பு பழசாகி இற்றிருந்தது.

“எப்ப வாங்கினீங்க?”

“நீ பேரை மாத்திக்கிட்டேன்னு வந்து சொன்ன வாரம்.”

அன்று அவர் சொன்னது அவனுக்கு நினைவிருந்தது. சரி, நேத்து விட்ட இடத்திலேர்ந்து பாடு என்றார், அவ்வளவுதான். பாடம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், இந்தம்மாவுக்குக் காதில் விழுந்ததா இல்லையா என்றுகூட அவன் சந்தேகப்பட்டிருக்கிறான்.

அவசரக்காரன்தானே. நான்கு முறுக்காணிகளையும் ஒரே மூச்சில் தளர்த்தி எல்லாத் தந்தியையும் உருவப் போனான். டீச்சர் அவன் கையைப் பிடித்தார்.

“ஒண்ணை எடு, ஒண்ணைப் போடு. எல்லாத்தையும் சேத்து எடுத்தா குதிரை நகந்துடும்.”

குடத்தின்மேல் தந்திகளைத் தாங்கி நிற்கிற மரத்துண்டுக்குக் குதிரை என்று பெயர். தந்திகள் அழுத்திப் பிடிப்பதால்தான் அது இருந்த இடத்தில் இருக்கிறது. ஆகவே ஒன்றை எடுத்தார்கள், ஒன்றைப் பூட்டினார்கள். எடுத்த தந்தியை டீச்சர் ஒவ்வொரு முறையும் விரலில் சுற்றிப் பாயில் வைத்தார், கழற்றிய வளையலை வைப்பது போல. பாதித் தந்தி பழசும் பாதித் தந்தி புதுசுமாக இருந்த நேரத்தில் தம்புராவைப் பார்க்க அவ்வளவு லட்சணமாக இல்லை. வசுமதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டீச்சர் பார்த்த பார்வையில் அது உள்ளேயே போய்விட்டது.

நான்கும் பூட்டி, முறுக்கி, கபிலன் மீட்டினான்.

தொப் என்றது. சுருதி சரியாக இருந்தது, நாதம் இல்லை. ஈரத்துணியை அடித்தது போல ஒரு சத்தம்.

டீச்சர் தம்புராவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். புடவைத் தலைப்பில் ஒட்டி வைத்திருந்த நான்கு நூல் துணுக்குகளை எடுத்தார். குதிரைக்கும் தந்திக்கும் நடுவே வைக்கிற சாதாரணப் பஞ்சுநூல், அதற்கு ஜீவா என்று பெயர். அது இடத்தில் உட்கார்ந்தால் தந்தி பேசும், இல்லாவிட்டால் அது வெறும் கம்பி. ஒரு துணுக்கைச் செருகி, மயிரிழை நகர்த்தி, மீட்டிப் பார்த்தார். இல்லை. இன்னும் ஒரு மயிரிழை. இல்லை. பின்னால் இழுத்தார்.

திடீரென்று அறை நிறைந்தது. கீழேயிருந்து, தரையின் அடியிலிருந்து வருவது போல ஒரு நாதம். கபிலனுக்கு அது காதில் கேட்பதற்கு முன் நெஞ்செலும்பில் கேட்டது.

“நூல் புதுசா டீச்சர்?”

“அதே நூல்தான். இடம் வேற. தேடணும்.”

மற்ற மூன்றையும் அவனையே தேடச் சொன்னார். தேடினான். வெகுநேரம் பிடித்தது.

பிறகு டீச்சர் ஒரு காரியம் செய்தார். சபாக்களில் ஐந்தரைக் கட்டையில் பாடிப் பெயர் வாங்கிய அந்தக் குரலை ஒரு கட்டைக்கு இறக்கிப் பாட ஆரம்பித்தார். சரளி வரிசை. குழந்தைகளுக்கு முதல் நாள் சொல்லித்தருகிற ச ரி க ம. மேல் ஸ்வரங்களில் ஏதோ நின்றது. கீழே ‘ச’வுக்கு இறங்க இறங்கக் காற்றுதான் வந்தது, கடைசியில் மழைக்காலத் தவளை. வெட்கப்படவில்லை அவர். திரும்ப முதலிலிருந்து எடுத்தார். திரும்பவும் தவளை.

“உங்களுக்கு எதுக்கு டீச்சர் இந்தக் கஷ்டம்?” என்றாள் வசுமதி. அவள் குரலில் அந்தப் பழைய காரம் இல்லை.

“நாளைக்கு அவன் இதுல பாடம் கேப்பான். எனக்கு வழி தெரிய வேண்டாமா?”

அவன். பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றிச் சொல்வது போல, அத்தனை சாதாரணமாகச் சொன்னார். வசுமதி நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள், பிறகு தன் பிள்ளையைப் பார்த்தாள். கபிலனின் விரல் தந்தியின்மேல் அப்படியே நின்றுவிட்டது.

மெல்லக் கேட்டான். “அப்ப நான் பாடுவேனா?”

“அது எனக்குத் தெரியாது. நான் பாடம் எடுப்பேன்.”

அவன் காத்திருந்தான். பூட்டு இன்னும் ஒரு முறை திறந்தது.

“உன் குரல் ஒரு கட்டையில நிக்குமோ, ரெண்டுல நிக்குமோ, அது வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் தினம் காலையில இதை மீட்டு. பாடாதே. காது முதல்ல இறங்கட்டும்.”

கபிலன் தம்புராவை நிமிர்த்தி மீட்டத் தொடங்கினான். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

வசுமதி நான்காவது முறை சொல்லவில்லை. பாயில் கிடந்த சுருள்களில் ஒன்றை எடுத்தாள். அவிழாமல் மெதுவாக விரலில் மாட்டிப் பார்த்தாள், கழற்றினாள், மற்ற மூன்றையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

“இந்தப் பழைய தந்தியை நான் வச்சுக்கட்டுமா?”

டீச்சரைக் கேட்டாளா, அவனைக் கேட்டாளா, தெரியவில்லை. தம்புரா நிற்கவில்லை.